லைனிங்

தந்தையாரின் சிறுநீரகக் கல்லைத் தேடிய ஸ்கேன், தேடாத ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. வயிற்றினூடே இறங்கும் பெருந்தமனி, சுமார் 2 செ.மீ. அகலம் இருக்கவேண்டியது, ஓரிடத்தில் 6 செ.மீ. புடைத்திருந்தது. வலியில்லை. வெடித்தால் பிழைப்பவர் மிகச் சிலரே. 1955இல் ஐன்ஸ்டைனின் உயிரைப் பறித்ததும் இதுவே என்று அன்றிரவு படித்தோம். 1948இல் ருடால்ஃப் நிசன் என்ற மருத்துவர் அவருடைய புடைப்பின்மேல் செல்லோஃபேன் தாளைச் சுற்றிவிட்டிருந்தார்.

எங்கள் மருத்துவர் இரு வழிகளைச் சொன்னார். வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாயைத் தைப்பது ஒன்று. தொடைத் தமனி வழியே, மடித்த குழாயை மேலேற்றி, புடைப்புக்குள் விரியச் செய்வது மற்றொன்று. 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி செய்து பரவச்செய்த முறை. சிறிய துளைதானே, அதுவே போதும் என்று பிள்ளைகள் நாங்கள் உடனே முடிவுகட்டினோம்.

தந்தையார் நாற்பதாண்டுகள் தையற்கடை நடத்தியவர். "அந்தக் குழாய் எதுல செஞ்சது, டாக்டர்?" என்றார். டேக்ரான் துணி என்றதும் முகம் மலர்ந்தது. "நம்ம டெரிலின்!" உண்மைதான், இரண்டும் பாலியெஸ்டரே. 1950களில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலான் கேட்டுக் கிடைக்காமல் டேக்ரானை வாங்கிவந்து, மனைவியின் தையல் எந்திரத்தில் முதற்குழாயைத் தைத்த கதையை நாங்கள் சொன்னபோது, அவர் வியக்கவில்லை. வேறு எதில் தைப்பார்கள் என்பதுபோல் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்குள்ள லைனிங் கொடுக்கறீங்க. லைனிங் நகர்ந்தா?"

சொல்லைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்குத் தோன்றாத கேள்வி அது. 'சிறிய துளை' என்ற சொற்களிலேயே மயங்கியிருந்தோம். மருத்துவர் மறைக்கவில்லை. நகரலாம், கசியலாம், ஆகவே ஆயுள் முழுதும் ஸ்கேன் தேவை என்றார். 2004இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் முப்பது நாட்களுக்குள் இறந்தவர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 4.7, துளைவழியில் 1.7. அதே நோயாளிகளைப் பதினைந்தாண்டு தொடர்ந்து 2016இல் வெளியிட்டபோதோ, எட்டாண்டுக்குப் பிறகு கணக்கு தலைகீழாகியிருந்தது.

"எனக்கு எழுபத்தொன்பது. எட்டு வருஷக் கணக்கு எதுக்கு? லைனிங்கே கொடுங்க."

மூன்றாம் நாள் வீடு திரும்பினார். சென்ற ஆவணியில் எடுத்த ஸ்கேனில், கிளைத்தமனி ஒன்றிலிருந்து பழைய புடைப்புக்குள் சிறிது இரத்தம் திரும்புவது தெரிந்தது. புடைப்பு பெரிதாகாதவரை கவனித்துவந்தால் போதும் என்றார்கள். நாங்கள் கலங்கி நிற்க, அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

"ஓரம் பிரியலையே?"

பிரியவில்லை என்றார் மருத்துவர்.