வாரிங்டன் தொட்டியில் கிடந்த சுண்ணாம்புக்கல்

வீட்டுத் தோட்டத்தில் மீன் குளம் வைக்க நினைக்கிறவருக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைக்கும். செடியை நட்டுவிடுங்கள், தண்ணீர் தானே தெளிந்துவிடும் என்பார்கள் சிலர். செடியெல்லாம் அழகுக்குத்தான், நல்ல ஃபில்டராகப் பார்த்து மாட்டுங்கள் என்பார்கள் மற்றவர்கள். ஒன்று சரியென்றால் மற்றது தவறு என்பதுபோலவே இந்தப் பேச்சு நடக்கிறது. செடி தண்ணீரைக் காக்கும் என்ற எண்ணம் முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், 19ஆம் நூற்றாண்டு லண்டனின் கண்ணாடித் தொட்டி ஒன்று. அதன் அடியில் என்ன கிடந்தது என்று பார்த்த பிறகு, இந்த வழக்கில் இரு தரப்பும் பாதி பாதிதான் பேசுகின்றன என்ற முடிவுக்கு வந்தேன்.

வேர் இன்னும் பழையது. மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாத் தண்டு ஒன்று மீட்டுத் தருவதை 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டார். அதைச் செய்வது செடியின் பச்சைப் பகுதி, அதுவும் வெயிலில் மட்டும் என்று 1779இல் யான் இங்கன்ஹவுஸ் காட்டினார். இதை மீனோடு சேர்த்துப் பார்த்தவர்தான் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் அவர் 12 கேலன் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பாதியளவு ஊற்று நீர் ஊற்றி, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டு, நாடாபோல் இலை நீளும் வாலிஸ்நேரியாச் செடியை நட்டார். இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் ஆக்ஸிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தை நத்தை பார்த்துக்கொள்கிறது என்பது 1850இல் அவர் வேதியியல் சங்கத்துக்குத் தந்த விளக்கத்தின் சாரம். இன்றைக்கும் 'செடி போதும்' என்பவர்கள் நிற்பது இந்த விளக்கத்தின் மேல்தான்.

ஆனால் குளத்து மீனைக் கொல்வது பெரும்பாலும் கரியமிலவாயு அல்ல. மீனின் நைட்ரஜன் கழிவில் பெரும்பங்கு செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. அது எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை, மீன் ஆராய்ச்சியில் கிடைக்கவில்லை; சாக்கடை நீர் ஆராய்ச்சியில் கிடைத்தது. 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெதுவாக இறக்கினார்கள். 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. அப்படியானால் அது வெறும் வேதிவினை இல்லை, உயிர் செய்யும் வேலை. அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் இரண்டு படியில், வெவ்வேறு நுண்ணுயிர்களால் மாறுகிறது என்று இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆய்வுநிலையத்தில் கண்டவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தொட்டி வைத்தவரின் மகன்! அப்பாவின் தொட்டிக்குத் திரும்பிப் போய் அடியைப் பார்த்தால், அங்கே மணல், சேறு, சுண்ணாம்புக்கல் துண்டுகள். ஷ்லோசிங் குழாயில் இருந்த அதே சரக்கு. பாக்டீரியா ஒட்டி வாழ மணலும் கல்லும் இடம் தந்திருக்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாகும்போது பிறக்கும் அமிலத்தைச் சமன்செய்ய ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதைச் சுண்ணாம்புக்கல் தந்திருக்கும். செடி மட்டும் காத்ததாகச் சொல்லப்படும் தொட்டியில் ஃபில்டரும் இருந்தது. அதற்கு அப்போது பெயர் இல்லை, அவ்வளவே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நீர்ச்செடிகள் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி உறிஞ்சும். பிறகு பாக்டீரியா எதற்கு என்று கேட்கலாம். உண்மைதான், அளவு சிறியதாக இருக்கும்வரை. நூறு கிராம் மீன் தீவனத்தில் 30 சதவீதம் புரதம் என்றால் அதில் 4.8 கிராம் நைட்ரஜன் இருக்கும். 3 கிராமாவது தண்ணீரில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த தழையில் நைட்ரஜன் 3 சதவீதம், பச்சைத் தழையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்று கணக்கிட்டால், அந்த 3 கிராமை வாங்கிக்கொள்ளச் செடி ஒரு கிலோ புதிதாக வளர வேண்டும். வாரிங்டனின் இரண்டு சின்ன மீன்களுக்கு வாலிஸ்நேரியா ஈடுகொடுத்திருக்கலாம். தினமும் கைப்பிடி கைப்பிடியாகத் தீவனம் போடும் குளத்தில், மழைமூட்டமான வாரத்தில், எந்தச் செடி ஈடுகொடுக்கும்? இரவில் செடியும் ஆக்ஸிஜனைச் செலவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த பாசிக் குளத்தில் மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் திறந்து தவிப்பது அதனால்தான்.

அப்படியானால் ஃபில்டரே போதுமே என்று மறுதரப்பு சொல்லும். போதாது. பாக்டீரியா நஞ்சின் கடுமையைத்தான் குறைக்கிறது. நைட்ரேட் தண்ணீரிலேயே தங்குகிறது, பாஸ்பரஸும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் பச்சைக் குழம்பாகும். இங்கேதான் செடிக்கு வேலை. 1950களில் ஜெர்மனியின் ப்ளோன் நகரில் கேத்தே சைடல் கோரையை வைத்து அழுக்கு நீரைச் சுத்தப்படுத்திப் பார்த்தார். சரளைப் படுகையில் நாணலும் சம்பும் கல்வாழையும் வளர்த்துக் கழிவுநீரைச் செலுத்தும் முறைகள் அந்த வழியில் வந்தவை. அழுக்கைச் சிதைப்பதில் பெரும்பங்கு, வேரிலும் சரளையிலும் ஒட்டிய நுண்ணுயிர்களுடையது என்பது பின்னால் தெளிவானது. செடி குறைந்துவிடவில்லை, அதன் இடம்தான் தெரிந்தது.

எனவே குளத்துத் தண்ணீர் முதலில் சரளையைக் கடக்கட்டும், பிறகு வேர்களைக் கடக்கட்டும். சரளையைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. ஒட்டியிருக்கும் உயிர் செத்துவிடும், ஷ்லோசிங் காத்திருந்ததுபோல மறுபடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குளத்துத் தண்ணீரிலேயே அலசினால் போதும். செடியை வளரவிட்டு வேடிக்கை பார்ப்பதும் பயன் தராது. அழுகும் இலை, வாங்கியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். வாரிங்டனின் தண்ணீர் முதலில் கலங்கியது அதனால்தானே. கல்வாழையோ சம்போ, முற்றிப் பழுப்பதற்குள் அறுத்துவிட வேண்டும். அறுத்த தழையைக் கரையில் குவித்துவைத்தால் அடுத்த மழைக்கு அந்தச் சத்து வழிந்து குளத்துக்கே வந்துவிடும். உரக்குழிக்கோ வாழைப் பாத்திக்கோ கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அது குளத்தைவிட்டுப் போனதாகும்.