கீச்சொலி

ஓடச் செய்யும் உறுப்பை யாவரும் போற்றுவர்; நிற்கச் செய்யும் உறுப்பை நினைப்பவர் சிலரே. சென்ற ஆண்டு வரை யான் அச்சிலருள் ஒருவனல்லேன். அதனை உணர்ந்த வரலாறு எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் நாடோறும் சைக்கிளேறிக் கல்லூரிக்கு வரும் நண்பர்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதலுற்றேன்.

என் வண்டி தாத்தா வாங்கியது. புதிய வண்டிகளிற்போல் மெல்லிய கேபிள் அதற்கில்லை. கைப்பிடியை அழுத்தின், இரும்புக் கம்பிகள் அசைந்து, சக்கரத்திற்கு இரண்டாக உள்ள இரப்பர்க் கட்டைகளை ரிம்மின் உட்புறத்தோடு அழுத்தும். சென்ற கார்த்திகையில் அப்பிரேக் கீச்சிடத் தொடங்கிற்று. தோழர் நகைத்தனர். நாணமுற்ற யான், ஒருவரையும் வினவாது, கட்டைகளிலும் ரிம்மிலும் தேங்காயெண்ணெய் தடவினேன். ஒலி அடங்கிற்று. என் அறிவை யானே வியந்துகொண்டேன்.

மறுநாட்காலை தங்கையைப் பின்னே ஏற்றிக்கொண்டு அவள் பள்ளிக்குச் சென்றேன். நாகர்கோவில் வீதிகள் மேடும் பள்ளமும் உடையன. ஓர் இறக்கத்தில் வண்டி விரைந்தது. எதிரே மீன்கூடை சுமந்த மூதாட்டி ஒருவர் வீதியைக் கடந்தார். பிரேக்கை இறுகப் பிடித்தேன். கட்டைகள் வழுக்கினவேயன்றி வண்டி நிற்கவில்லை. "அண்ணா!" என்று தங்கை அலறினாள். வண்டியைத் திருப்பி ஓரத்து மணற்குவியலில் மோதினேன். மூதாட்டி தப்பினார். தங்கைக்கோ வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அவள் அரையாண்டுத் தேர்வு எழுத இயலவில்லை.

"பழைய பிரேக், அறுந்தாற்போல் ஆயிற்று" என்று வீட்டாரிடம் கூறினேன். யாவரும் நம்பினர். தாத்தா மட்டும் எழுந்து சென்று ரிம்மை விரலால் தடவி முகர்ந்தார், ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை காலை என்னை முற்றத்திற்கு அழைத்து, "மக்களே, அது கத்தினது உன்னைக் காக்கத்தான். நீ அதன் வாயைப் பொத்திவிட்டாய்" என்றார். யான் தலை கவிழ்ந்தேன்.

பின்னர் இருவரும் வேலையில் இறங்கினோம். தேய்ந்து இறுகிய இரப்பரும் அதிற் படிந்த மணலுமே கீச்சொலிக்குக் காரணமென அவர் காட்டினார். ரிம்மைச் சோப்புநீராற் கழுவித் துடைத்தோம். எண்ணெய் ஊறிய கட்டைகளை எறிந்து புதியன நான்கு வாங்கினோம். கட்டை செருகும் இரும்புக்கூடு ஒருமுனை மூடியும் ஒருமுனை திறந்தும் இருக்கும். சுழலும் ரிம் கட்டையை எப்பக்கம் இழுக்குமோ அப்பக்கத்தே மூடிய முனை அமைதல் வேண்டும். மாறின் கட்டை கழன்றுவிடும். கம்பியின் நட்டைத் தளர்த்தி, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விட்டு மீண்டும் இறுக்கினோம். சக்கரத்தைச் சுழற்றி, யாண்டும் உராயாமை கண்டோம். கட்டை தேயத் தேய இவ்விடைவெளி அகலுமாதலின் திங்கள்தோறும் நோக்குதல் நன்று. எண்ணெய் வேண்டுவது கம்பிகள் இணையும் மூட்டுக்களுக்கே. ரிம்முக்கு ஒருபோதும் அன்று. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிடி மிகக் குறையும். அன்று மெல்லச் செல்லுதலே தக்கது.

வேலை முடிந்ததும் தாத்தா என்னை நோக்கி, "இனி ஒன்றுதான் பாக்கி" என்றார். அஃது யாதென அவர் கூறவில்லை, கூறவேண்டியதுமில்லை. உள்ளே சென்று தங்கையிடம் உண்மையை உரைத்தேன். அவள் சற்று நேரம் தன் கட்டினையே நோக்கியிருந்து, "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றாள்.

இப்பொழுது அவள் கை குணமாயிற்று. நாடோறும் என் வண்டியிலேயே பள்ளிக்குச் செல்கிறாள். ஆயின், ஏறுமுன் இரண்டு கைப்பிடிகளையும் தானே அழுத்திப் பார்க்கிறாள். யான் வண்டியைப் பிடித்துக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை காத்து நிற்கிறேன்.