மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போறீங்களா?

மிக்ஸி வாங்குவது எப்படி, கிரைண்டரில் எதைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் சகோதரிகள் எழுதி எவ்வளவோ படித்திருக்கிறோம். மரம் அறுக்கும் மெஷின் வாங்குவதைப் பற்றி ஒரு குடும்பத் தலைவி எழுதினால் சிரிப்பீர்களோ என்னவோ! சிரித்துவிட்டே படியுங்கள். விறகு அடுப்பு இன்னும் எரிகிற வீடுகளில் இதுவும் அடுப்படிச் சாமான்தான்.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, சூளகிரிப் பக்கத்துக் கிராமம். இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, இரண்டு கறவை மாடு. வீட்டில் கேஸ் இருக்கிறது. அன்றாடச் சமையல் அதில்தான். ஆனால் ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்துக்கு 3000 அடி உயரம். மார்கழி, தை மாதக் குளிரில் ஆறு பேருக்கும் வெந்நீர் வேண்டும். மாமனாருக்கு ராகிக் களியை விறகு அடுப்பில் கிண்டினால்தான் களி. இத்தனைக்கும் கேஸைக் கொளுத்தினால் சிலிண்டர் மாதக் கடைசி வரை தாங்குமா?

முன்பெல்லாம் பெண்கள் காட்டோரம் போய்ச் சுள்ளி பொறுக்கி வருவார்கள். இப்போது அந்தப் பேச்சே கிடையாது. காப்புக்காட்டில் மரம் வெட்டுவது குற்றம் என்பது ஒரு பக்கம்; குளிர் காலம் வந்தால் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்கிச் சானமாவு வரைக்கும் வந்து நிற்கும். எங்களுக்கு விறகு என்றால் சொந்தத் தோப்பில் கவாத்து செய்த மாங்கிளையும், பட்டுப்போன மரமும்தான்.

அதை அறுத்துக் கொடுக்க ஆள்தான் இல்லை. கோடாலி பிடித்த கைகள் எல்லாம் ஓசூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டுக்காரருக்கு இடுப்பில் டிஸ்க் விலகியதிலிருந்து டாக்டர் கோடாலியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மெஷினோடு வரும் ஆள் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்றாலும் வருஷத்துக்கு 9,000 ரூபாய்! 2025-ல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்ததே, அந்த வருஷம் இந்த 9,000 எங்களுக்குப் பெரிய தொகையாகத் தெரிந்தது. மகளின் காலேஜ் பீஸ் போகச் சீட்டுப் பணத்தில் 12,000 மிச்சம் இருந்தது. அதில் ஒரு மெஷினே வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

மகன் கம்பெனியிலிருந்து வந்ததும் போனைக் காட்டினான். "அம்மா, இதைப் பாருங்க. 58 சி.சி., 22 இன்ச். 5,500 ரூபாய்தான்!"

"செயின் தேய்ஞ்சா எங்க கிடைக்கும் கண்ணு?"

"அது அப்புறம் பார்த்துக்கலாம்மா. இது என்ன குக்கரா?"

"குக்கர் மாதிரிதான். கேஸ்கெட் கிடைக்காத குக்கரை எவளாவது வாங்குவாளா?"

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் இந்த விஷயத்தில் பிடிவாதமாக நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒருவர், சாலையோரக் கூடாரத்தில் விற்ற பெயர் தெரியாத மெஷின் ஒன்றை மலிவாக வாங்கினார். நுனி கட்டையில் பட்டு மெஷின் அப்படியே எகிறியது. செயினை நிறுத்த வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. இடது முன்கையில் நரம்பு அறுந்து, இன்று வரை இரண்டு விரல் மடங்காது. மெஷின் விற்றவன் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குச் செலவழித்த பணத்தில் நல்ல மெஷினாகவே நாலு வாங்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் மெஷின் பிடிக்கப் போவது இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. சும்மா இருப்பேனா?

அதனால் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் நாலைந்து கடை ஏறி இறங்கி விசாரித்தோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மெஷின் மூன்று விதம். பெட்ரோலில் ஓடுவது, வீட்டுக் கரண்டில் ஓடுவது, பேட்டரியில் ஓடுவது.

பெட்ரோல் மெஷின் கரண்டே இல்லாத தோப்புக்குள்ளும் ஓடும். தடித்த மரத்துக்கும் தாங்கும். ஆனால் டூ-ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்தாருக்கு இது புதிதல்ல. 1980-ல் இங்கேயிருந்துதான் டி.வி.எஸ். 50 வண்டி வெளிவந்தது. என் அப்பா அந்த வண்டிக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயிலும் ஊற்றச் சொல்வார். அதே சங்கதிதான் இதிலும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மெஷினோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை மாற்றக் கூடாது. ஆயில் குறைந்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய இடுப்பில் பலம் வேண்டும். சத்தமோ காதைப் பிளக்கும். பேர் பெற்ற கம்பெனியின் பெட்ரோல் மெஷின் எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை.

பேட்டரி மெஷின் பிடிக்கச் சௌகரியம். ஆனால் கையடக்கமாக நாலு இன்ச், ஆறு இன்ச்சில் வருவது மணிக்கட்டுப் பருமன் கிளைக்குத்தான் சரி. விறகு அறுக்கிற அளவு பெரியது வாங்கினால் பேட்டரிக்கே தனியாக ஒரு விலை.

கரண்டில் ஓடுவதை, "அது பொம்மை மாதிரி, ஆண்ட்டி" என்று ஒரு கடைப் பையன் ஒதுக்கினான். ஆனால் ஸ்டீல் கம்பெனியின் வம்சத்தில் மூத்தது அதுதான்! ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் முதலில் செய்தது கரண்டில் ஓடும் ரம்பம்; இரண்டு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய பெட்ரோல் ரம்பம் அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது.

எது நமக்கு ஏற்றது என்பதை வீட்டு வேலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் மாங்கிளை பெரும்பாலும் ஓர் அடிப் பருமனுக்குள்தான். அதற்கு 16 இன்ச் பட்டை தாராளம். 22 இன்ச் என்பது வீண் சுமை. வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை. கிளைகளைக் கைரம்பத்தால் தூக்குகிற அளவுக்கு நறுக்கி டிராக்டரில் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிடலாம். வாசலில் பிளக் இருக்கிறது. 2000 வாட் மெஷின் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினாலும் இரண்டு யூனிட்தான். ஆகவே கரண்ட் மெஷின் என்று முடிவு செய்தோம்.

அதற்கும் நிபந்தனை உண்டு. மெல்லிசான ஒயரில் இழுத்தால் ஒயரும் சூடாகும், மோட்டாரும் கெடும். 2.5 எம்.எம். செம்பு ஒயர், எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி உள்ளதாக வேண்டும். கசிவு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் சுவிட்ச் வீட்டில் இருக்க வேண்டும். ஈரத் தரையில், தூறலில் தொடவே கூடாது. கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இலவச கனெக்‌ஷனிலிருந்து இழுப்பதும் தவறு.

கடையில் நான் வற்புறுத்திப் பார்த்தது மூன்று. முதலாவது, பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு மறைப்பு இருக்கும். கடைக்காரரையே ஓடவிட்டு அதை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். செயின் அந்த நிமிஷமே நிற்க வேண்டும். இரண்டாவது, செயின் அந்த ஊரிலேயே கிடைக்கிறதா என்பது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் என்றார் ஒருவர். ஒரு செயினுக்காக அத்திப்பள்ளி தாண்டிப் போய் வர ஒரு நாள் வேலை கெடுமே! மூன்றாவது, ரிப்பேர் செய்யும் ஆள் யார், எங்கே என்பது. இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்ன கடையில்தான் வாங்கினோம்.

செலவுக் கணக்கு இதோ: மெஷின் 6,800, கூடுதலாக இரண்டு செயின் 900, செயினுக்கு விடும் ஆயில் 350, உருண்டை அரம், அதைச் சாய்வாகப் பிடிக்கும் சட்டம் 300, 15 மீட்டர் ஒயரும் பிளக்கும் 1,900, கண்ணாடி, காது மூடி 600, பூட்ஸ், கையுறை 1,000. ஆக மொத்தம் 11,850. விலைச் சீட்டில் இருப்பது மெஷின் விலை மட்டும்தான். பாக்கியையும் கூட்டித்தான் நமக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்க வேண்டும். ஆள் கூலி மிச்சத்தில் ஒன்றரை வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

வாங்கி வந்ததும் செயினின் மூன்று அளவுகளை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன்: பிட்ச், காடியின் கனம், உள் பற்களின் எண்ணிக்கை. மூன்றும் பொருந்தினால்தான் புது செயின் உட்காரும். அரத்தின் பருமனும் பிட்சைப் பொறுத்ததே. மெல்லிய ரக 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325-க்கு 4.8 மில்லிமீட்டர்.

செயின் ராவுவது எங்கள் வீட்டில் என் வேலை. அருவாமனை தீட்டத் தெரிந்த கைக்கு இது ஒரு பிரமாதமா? ஆனால் பற்கள் வலது, இடது என்று மாறி மாறி இருக்கும். இந்தப் பக்கம் மூன்று இழுப்பு என்றால் அந்தப் பக்கமும் மூன்றே; இல்லாவிட்டால் அறுப்பு கோணும். இந்த மாதிரிப் பல்லுக்கு வழி காட்டியது ஒரு புழு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஒரேகான் மாகாணத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், 1946-ல் ஒரு வண்டுப் புழு தாடையால் வலமும் இடமுமாக மரத்தைக் கடித்துப் போவதைப் பார்த்திருக்கிறார். அதைப் போலவே பல் வைத்து அடுத்த வருஷம் செயின் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைய செயின்கள் அந்த வழி வந்தவையே. மரத்தூள் சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர்மை என்று அர்த்தம். மாவு மாதிரி விழுந்தால் உடனே நிறுத்தி ராவ வேண்டும். மழுங்கிய செயினை அழுத்தி அறுக்கும்போதுதான் விபத்துக்கு வழி பிறக்கிறது.

மண்ணில் பட்டால் செயின் ஒரு நொடியில் மழுங்கும். அதனால் ஆசாரியிடம் பெருக்கல் குறி மாதிரிக் கால் வைத்த ஒரு தாங்கி செய்து வாங்கினோம். கட்டையை அதில் கிடத்தித்தான் அறுப்போம். யாரும் கையால் பிடிக்கக் கூடாது. பட்டையின் நுனியின் மேல் பாகம் கட்டையில் படவே கூடாது. மெஷின் முகத்துக்கு எகிறுவது அதனால்தான். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. லுங்கி, தோளில் துண்டு, நம் முந்தானை, துப்பட்டா எதுவும் அருகில் ஆகாது. அறுக்கும்போது குழந்தைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். செயினைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். இது எங்கள் வீட்டுச் சட்டம். மகனும் மீறமாட்டான்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2020-ஆம் வருஷத்தில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. புகைக்கு முக்கியக் காரணம் ஈர விறகு. உள்ளிருக்கும் தண்ணீரை விரட்டவே நெருப்பில் ஒரு பங்கு செலவாகிவிடும். ஆள் வந்து அறுத்த நாளில் கட்டைகள் இரண்டடி நீளத்தில் கிடக்கும். உள்ளே காயாது, அடுப்பிலும் அடங்காது. இப்போது ஒரு முழ நீளத்தில் அறுத்து, பிளந்து, செங்கல் மேல் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு மாதக்கணக்கில் காயவிடுகிறோம். பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுவது மெஷினுக்கும் நல்லது. காய்ந்த புளியங்கட்டை செயினைத் தின்றுவிடும். வெந்நீர் அடுப்பை வாசலுக்கு மாற்றியாகிவிட்டது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு அடுப்போரம் நிற்பதையும் விட்டாயிற்று. மாமியாரின் இருமல் இந்தக் குளிரில் எவ்வளவோ தேவலை.

ஓசூர்ப் பக்கத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நம் வீட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மெஷின்களோடு வேலை செய்கிறார்கள். விறகு அறுக்கும் மெஷினைப் பற்றி நாம் நாலு கேள்வி கேட்கக் கூடாதா? வீட்டில் ஆண்பிள்ளைகள் "எத்தனை சி.சி., என்ன விலை" என்று பேச ஆரம்பிக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். செயின் எங்கே கிடைக்கும், பிரேக் பிடிக்குமா, ரிப்பேருக்கு ஆள் யார் என்று கேளுங்கள். மலிவு என்பது வாங்குகிற அன்றைக்குத் தெரிவதல்ல. மூன்று வருஷம் கழித்தும் மெஷின் ஓடி, அதைப் பிடித்தவரின் பத்து விரலும் பத்திரமாக இருந்தால் அதுதான் மலிவு!