சி டிரைவில் இருக்கிற தொழில்

வெளியூர்க்காரர்களுக்கு விக்கிரவாண்டி என்றால் சுங்கச்சாவடி. தஞ்சாவூர் சாலை பிரிகிற இடம். அந்த ஊர் டிசைனர்களைக் கேட்டால் 2024ஆம் ஆண்டைச் சொல்வார்கள். ஜூலை 10 சட்டமன்ற இடைத்தேர்தல், அக்டோபர் 27 வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு. பிளக்ஸ், நோட்டீஸ், ஸ்டிக்கர் என்று ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிய காலம் அது.

இப்போது வேறு ஒரு அவசரம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் கடைகளில் சிஸ்டம் மாற்றுகிறார்கள். கூடவே போட்டோஷாப்பும் கோரல்டிராவும் புது வெர்ஷனுக்குப் போகின்றன. இந்த மாற்றத்தில் கைத்தொழிலுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் கடைத்தெருவுக்குப் போனேன்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஒரு அக்காவின் கடையில். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர், ஹையர் முடித்து, பேஜ்மேக்கர் காலத்தில் டிடிபிக்கு வந்தவர். காலையிலேயே ஒரு பையன் செல்போனை நீட்டினான். தாத்தா தவறிவிட்டார்; கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். இருந்த ஒரே நல்ல படம் ஒரு காதணி விழாவில் எடுத்தது. தாத்தாவின் தோள்மேல் யாரோ கை போட்டிருந்தார்கள்.

பென் டூலால் முகத்தைச் சுற்றி வெட்டி, கை மறைத்திருந்த தோளை அடுத்த தோளிலிருந்து எடுத்து ஒட்டினார் அக்கா. பிறகு ஒரு பொத்தானைத் தட்டினார். போட்டோஷாப்பில் அவர் பதிந்து வைத்திருக்கும் வேலைப்படிகளின் வரிசையான ஆக்‌ஷன் ஓடியது. படத்தின் புள்ளிகள் அடங்கின, கண்ணுக்குக் கீழே இருந்த நிழல் கொஞ்சம் தெளிந்தது, வெள்ளைச் சட்டையின் மஞ்சள் இறங்கியது, ஓரம் மிருதுவானது. முகத்தின் கருமை அப்படியே நின்றது.

“இதுக்குப் ‘பெரியவர்’னு பேரு வச்சிருக்கேன் சார். வயசானவங்களுக்குச் சுருக்கம் போகக்கூடாது. போச்சுன்னா வேற ஆள் மாதிரி ஆயிடும், வீட்ல ஏத்துக்க மாட்டாங்க. நெட்ல கிடைக்கிற ஆக்‌ஷன் எல்லாம் வெள்ளையாக்கத்தான் பாக்கும்.”

எத்தனையோ வீட்டார் “இது எங்க அப்பா மாதிரி இல்லையே” என்று திருப்பி அனுப்பி, அதைத் திருத்தித் திருத்தி வந்த அளவுகள் அவை. எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. இந்த மண்ணின் முகங்களைப் பற்றி ஒரு தொழிலாளி சேர்த்து வைத்த அறிவு என்றே அதை நான் மதிக்கிறேன்.

அந்த அறிவு ஒருமுறை முழுசாகப் போயிருக்கிறது. சிஸ்டம் மெதுவாகிறது என்று சர்வீஸுக்கு விட்டபோது, ஃபார்மட் போட்டுப் புது வெர்ஷன் ஏற்றிக் கொடுத்தார்கள். “டி டிரைவ்ல கை வைக்கலக்கா” என்றார்களாம். உண்மைதான், டிசைன் ஒன்றுகூட அழியவில்லை. ஆனால் போட்டோஷாப்பைத் திறந்தால் ‘பெரியவர்’ இல்லை, கோலக்கரை பிரஷ்கள் இல்லை, விரலுக்குப் பழகிய ஷார்ட்கட்டுகளும் இல்லை. செய்த வேலை டி டிரைவில் இருக்கிறது. வேலை செய்கிற விதம் சி டிரைவில் இருக்கிறது. யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் அடோபி. ஆப்டேட்டாவை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். தேடிப் போகிறவர் கண்ணுக்குத்தான் அது படும்.

இப்போது அக்கா ஆக்‌ஷன்களைத் தனி ஃபைலாக எடுத்து வைக்கிறார். அதில் ஒரு சூட்சுமத்தைக் காட்டினார். பட்டியலில் ஒற்றை ஆக்‌ஷனைத் தொட்டால் ‘சேவ் ஆக்‌ஷன்ஸ்’ மங்கலாகவே கிடக்கும். அது அடங்கிய ஃபோல்டரைத் தொட்டால்தான் உயிர் வரும். பிரஷ்ஷுக்கு வேறு ஃபைல், ஷார்ட்கட்டுக்கு வேறு ஃபைல். புதிதாகப் பதிந்த ஆக்‌ஷன் போட்டோஷாப்பை முறையாக மூடும்போதுதான் டிஸ்க்கில் எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போனால் அன்றைய பதிவு போனதுதான். அதனால் பதிந்த கையோடு மூடித் திறக்கிறார். புது வெர்ஷன் பழைய செட்டிங்ஸை இழுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும், ஒத்துக்கொள்ளலாம். வெளியார் பிளக்‌இன்கள் அதோடு வராது, திரும்ப ஏற்ற வேண்டும்.

கோரல்டிராவில் ஒர்க்ஸ்பேஸை எக்ஸ்போர்ட் செய்து வைக்கிறார். மேக்ரோக்கள் ஜிஎம்எஸ் என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன, அதையும் அள்ளிக்கொள்ள வேண்டும். எஃப்8ஐ அழுத்தியபடி கோரலைத் திறந்தால் ஒர்க்ஸ்பேஸ் தொடக்க நிலைக்கே போய்விடும் என்பதைக் கடைப் பையனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாராம். தேர்தல் நோட்டீஸின் அடியில் வருகிற அச்சிட்டவர், வெளியிடுபவர் வரியும் அவருடைய டெம்ப்ளேட்டில் தயாராக இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு கட்டாயமாகக் கேட்கிற வரி அது. அவசரத்தில் விட்டுப்போனால் வழக்கு.

தட்டச்சுக்கும் இதே கதை. விண்டோஸோடு வருகிற தமிழ் விசைப்பலகைகளில் இவர் விரல் அறிந்த பழைய தட்டச்சு முறை இல்லை. அந்த முறையில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டரை ஏற்றிய பிறகுதான் மற்ற வேலை.

பிளக்ஸ் மெஷின் ஓட்டுகிற தம்பிக்குக் கவலை நிறத்தைப் பற்றி. அவர் மெஷினுக்கும் மையுக்கும் துணிக்கும் சரிபார்த்த கலர் புரொஃபைல் விண்டோஸுக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்று நான்கு படி இறங்கினால் இருக்கிறது. அதை எடுக்காமல் சிஸ்டம் மாற்றினால் கட்சிக்கொடியின் சிவப்பு வேறு சிவப்பாக வரும். “கட்சிக்காரங்க எதை வேணா பொறுப்பாங்க சார், கொடி கலரை மட்டும் பொறுக்க மாட்டாங்க.”

அக்கா கடையின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், பேஜ்மேக்கர் 7க்காகவே. அடோபி 2001இல் வெளியிட்ட அந்த மென்பொருளின் ஃபைலை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்க முடியும். அதற்குப் பிந்தைய எதிலும் திறக்காது. பழைய கோயில் மலர்கள் பல அதற்குள் இருக்கின்றன.

கடைப் பையன் திண்டிவனத்தில் வேலைக்குச் சேரப்போகிறான். அவன் பதிந்த ஆக்‌ஷன்களைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். “அவன் செஞ்சது அவனோடதுதான் சார். என்னோடதும் ரெண்டு கேட்டான், போட்டுக் குடுத்தேன்” என்றார் அக்கா. கடைச் சொத்து என்று இதைப் பூட்டி வைக்கும் முதலாளிகளும் உண்டு. நியாயம் அக்கா பக்கம்தான் என்பேன்.

புது சிஸ்டம் வந்துவிட்டது. பழையதை எப்போது விற்பீர்கள் என்றேன். ஆடி முடியட்டும் என்றார். தை முகூர்த்தத்துக்கு வேண்டியது தையில்தான் தெரியும். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா நோட்டீஸ் வரும், ஆடியில் அம்மன் கோயில் வேலை வரும். ஒவ்வொன்றையும் ஒருமுறை புதியதில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் ஆள் வரச்சொல்லலாம் என்று, தாத்தா பேனரை பிரிண்டுக்கு அனுப்பினார்.