எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் அறைத்தோழி பஹாய் மதத்தவள் என்றும், அதை இஸ்லாத்தின் ஒரு பிரிவு என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வருகிறது என்றும் எழுதியிருந்தாய். ஒரு மதத்துக்குள்ளிருந்து இன்னொன்று முளைத்தால், எந்த நாளிலிருந்து அது வேறு மதம் என்று கேட்டிருக்கிறாய். வக்கீலிடம் கேட்டால் வக்கீல் பதில்தான் கிடைக்கும். வாரிசு வழக்கும் கல்யாண வழக்கும் பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தத் தேதியை வேத புத்தகங்களில் தேடாதே. கல்யாணப் பதிவேட்டிலும் சொத்து வழக்கிலும் தேடு.

உன் தோழியின் மதத்தையே பார். 1844இல் ஈரானின் ஷிராஸ் நகரத்தில் ஓர் இளம் வணிகர், ஷியாக்கள் காத்திருந்தவர் தாமே என்றார். பாப் என்று அழைக்கப்பட்ட அவரை 1850இல் தப்ரீஸில் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன்பே, 1848இல், அவருடைய சீடர்கள் பதாஷ்த் என்ற ஊரில் கூடி, பழைய ஷரியத்தின் காலம் முடிந்தது என்று பேசினார்கள். தாஹிரா என்ற பெண் கவிஞர் முகத்திரை இல்லாமல் அந்தச் சபைக்கு வந்து நின்றதைப் பார்த்துச் சீடர்களிலேயே பலர் பதறிப்போனார்கள். 1863இல் பாக்தாதில் பஹாவுல்லா, பாப் முன்னறிவித்தவர் தாமே என்றார். புது வேதம், புது நோன்பு, புது நாட்காட்டி எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் வெளியே இருந்தவர்கள் கண்ணில் அவர்கள் வழிதவறிய முஸ்லிம்கள்தான்.

முடிச்சு அவிழ்ந்தது எகிப்தில், 1925இல், அதுவும் எதிர்ப்பாளர்கள் கையால். பஹாய் ஆகிவிட்ட மூன்று ஆண்கள். அவர்களின் மனைவிமார் முஸ்லிம்கள். வழக்கு பெபா ஊர் மேல்முறையீட்டு ஷரியத் நீதிமன்றத்துக்குப் போனது. பஹாய் என்பது தனிச் சட்டமும் தனிக் கொள்கையும் உள்ள வேறு மதம், அதில் இருப்பவன் முஸ்லிமாக இருக்க முடியாது, ஆகவே இந்தக் கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தண்டிக்க எழுதிய தீர்ப்பு. பஹாய்களின் அன்றைய தலைவர் ஷோகி எஃபெண்டி அதையே தங்கள் மதத்தின் விடுதலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்!

புது மதம் தொடங்குகிறேன் என்று புறப்பட்டவர்கள் வரலாற்றில் குறைவு. பழையதில் படிந்த அழுக்கைத் துடைக்கிறேன் என்றுதான் பெரும்பாலோர் வந்தார்கள். இயேசுவின் முதல் சீடர்கள் யூதக் கோயிலுக்குப் போய்வந்த யூதர்கள்தான். கி.பி. 70இல் ஜெருசலேம் கோயிலை இடித்த ரோமாபுரி, யூதர்கள் மேல் தனி வரி போட்டது. யார் யூதர், யார் இல்லை என்று வரி வசூலிப்பவன் கேட்க ஆரம்பித்தால் எந்தக் குடும்பமும் ஒரு பதில் வைத்திருக்கத்தானே வேண்டும்.

இனி நம் ஹைதராபாத்துக்கு வா. நாம்பள்ளியில் சரோஜினி நாயுடுவின் ‘கோல்டன் திரெஷோல்டு’ வீடு இருக்கிறதே, 1974இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் முதலில் இயங்கிய இடம், அந்தக் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு முழுப் பாடமே இருக்கிறது. சரோஜினியின் அப்பா அகோரநாத் சட்டோபாத்யாயர் எடின்பரோவில் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1878இல் நிஜாம் அரசாங்கத்தின் அழைப்பில் இங்கே வந்தவர். பின்னால் நிஜாம் கல்லூரியான கல்லூரிக்கு வித்திட்டவர். பிறப்பால் வங்காளப் பிராமணர், மதத்தால் பிரம்ம சமாஜி.

பிரம்ம சமாஜத்தை 1828இல் ராம்மோகன் ராய் தொடங்கியபோது அவர் கையில் இருந்தவை உபநிடதங்கள். விக்கிரக வழிபாடு பிற்சேர்க்கை, ஒரே பரம்பொருள்தான் மூலம் என்பது அவர் வாதம். அடுத்து வந்த தேவேந்திரநாத் தாகூர், 1850 வாக்கில், வேதம் பிழையற்றது என்ற நம்பிக்கையைக் கைவிட்டார். ஆனாலும் தம்மை இந்து என்றே சொல்லிக்கொண்டார். கேசவ சந்திர சேன் இன்னும் வேகம். பூணூல் கூடாது, சாதி விட்டுச் சாதி கல்யாணம் நடக்கட்டும் என்று 1866இல் தனியே பிரிந்தார். அவர் எழுப்பிய அலைதான் சென்னையில் 1864இல் வேத சமாஜமாகவும், 1871இல் தென்னிந்திய பிரம்ம சமாஜமாகவும் அடித்தது.

சிக்கல் கல்யாணத்தில் வந்தது. அக்கினி இல்லை, சப்தபதி இல்லை, அப்படியானால் இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லுமா? செல்லாது என்றார் அரசாங்க வக்கீல். கேசவர் தனிச் சட்டம் கேட்டார். தேவேந்திரநாத் தரப்பு, ‘நாங்கள் இந்துக்கள், பிரம்ம கல்யாணம் என்று எங்களை வெளியே தள்ளாதே’ என்று எதிர்த்தது. வெள்ளைக்காரன் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தான். 1872ஆம் வருஷத்து 3ஆம் சட்டம்: கிறிஸ்தவம், யூதம், இந்து, இஸ்லாம், பார்சி, பௌத்தம், சீக்கியம், சமணம் எதையும் பின்பற்றவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். உபநிடதத்தில் தொடங்கிய சபை, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிக்க ‘நான் இந்து அல்ல’ என்று எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தில் மணப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14. சட்டம் கேட்டு வாங்கிய கேசவரே 1878இல் தம் மகளை அந்த வயது நிரம்பும் முன் கூச் பிகார் மகாராஜாவுக்குக் கொடுத்தார்; சமாஜம் மறுபடி உடைந்தது. சபைகளைக் கொள்கை உடைத்ததைவிடச் சம்பந்தம் உடைத்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

1898இல் சரோஜினி, டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவை அந்தச் சட்டப்படிதான் சென்னையில் மணந்தார். நடத்திவைத்தவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. வங்காளத்துப் பிராமணப் பெண்ணும் தெலுங்கு நாயுடு வீட்டுப் பையனும் வேறு எந்த வழியில் சட்டப்படி சேர்ந்திருக்க முடியும்?

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. ட்ரிப்யூன் பத்திரிகையை நிறுவிய லாகூர் தயாள் சிங், சீக்கியராகப் பிறந்து பிரம்ம சமாஜத்தில் ஈடுபட்டவர். 1898இல் அவர் இறந்ததும் சொத்துக்கு வழக்கு. 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில், அவர் சாகும்வரை இந்துதான் என்றது. கல்யாணத்துக்கு இந்து இல்லை, சொத்துக்கு இந்து! ‘நான் இந்து அல்ல’ என்ற கையெழுத்தை 1923இல் தளர்த்தினார்கள். 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம் எடுத்தே போட்டது. 1955இன் இந்துத் திருமணச் சட்டமோ பிரம்ம சமாஜிகளைப் பெயர் சொல்லி இந்துக்களுக்குள் சேர்த்துக்கொண்டது. பிரிந்த கிளை திரும்ப ஒட்டிக்கொண்டது என்பதா, பிரியவே இல்லை என்பதா?

சீக்கியர் கதை மறுபக்கம் போனது. 1909இல் ஆனந்த் திருமணச் சட்டம் கிடைத்தது, பிரிவும் நிலைத்தது. 1955இன் சட்டம் அவர்களையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது, ஆனால் அதை வைத்து அவர்களை யாராவது இந்து என்று சொல்லிப் பார்க்கட்டும்.

நம் ஊரிலேயே சஞ்சல்குடாப் பக்கம் மெஹ்தவிகளைப் பார்த்திருப்பாய். ஜோன்பூர் சையது முகம்மது (1443–1505) தாமே மெஹ்தி என்று மெக்காவில் அறிவித்தவர். பாப் சொன்னதற்கு வெகு அருகில்தான் இவர் சொன்னதும். ஆனால் குர்ஆனும் ஷரியத்தும் அப்படியே நீடிக்கும் என்றார். அதனால் அவர் வழியினர் தனிப் பள்ளிவாசல், ‘ஹஜீரா’ என்ற தனி அடக்கத்தலம் எல்லாம் வைத்துக்கொண்டும் முஸ்லிம்களாகவே இருக்கிறார்கள். நிஜாம் காலத்தில் மஜ்லிஸ் கட்சிக்குத் தலைமை தாங்கிய பகதூர் யார் ஜங் மெஹ்தவிதான். அவர்களைச் சந்தேகமாகப் பார்க்கும் மௌலவிகளும் உண்டு. பேசிப் பார்த்தால் தெரியும்.

வெளியேற ஆசைப்பட்டும் கதவு திறக்காதவர்களும் இருக்கிறார்கள். சுவாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் (1809–1851) வழியினரில் ஒரு சாரார் அய்யாவழி தனி மதம் என்கிறார்கள். தனி நூல் அகிலத்திரட்டு, சிலைக்குப் பதில் கண்ணாடி, வழிபடத் தலைப்பாகை எல்லாம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கில் மட்டும் இந்து. ராமகிருஷ்ண மிஷனோ, தன் கல்லூரி நிர்வாகத்தில் மேற்கு வங்க அரசு தலையிடாமல் இருக்கச் சிறுபான்மை மத அந்தஸ்து கேட்டு வழக்காடியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் சரி என்றது. 1995இல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. சிகாகோவில் இந்து மதத்துக்காக எழுந்து நின்றவரின் மிஷன், ‘நாங்கள் இந்து அல்ல’ என்று கோர்ட்டில் வாதாடிய அந்தக் காகிதங்களை இப்போது படித்தாலும் என்னால் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

அன்புடன்,
பெரியப்பா
செகந்தராபாத்