மாட்டுங்கா முதல் டோம்பிவிலி வரை

மும்பைக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்தினர் முதலில் கேட்கும் கேள்வி, "நம்மவர் எந்தப் பக்கம் அதிகம்?" என்பதே. காப்பிப் பொடி, கறிவேப்பிலை, கோயில், பேச்சுத் துணை ஆகிய நான்கும் ஓரிடத்தில் கிடைத்தால் உடனே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நலம் என்பது நம் கருத்து. பள்ளியை முதலில் பார்க்க வேண்டும். வீட்டைப் பிறகு பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ரயில் அட்டவணையை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய ரயில்வேயின் தடத்தில் நான்கு ஊர்களைக் கண்டு இதனை ஆராய்வோம்.

சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ளது மாட்டுங்கா. 1896-இல் நகரில் பிளேக் நோய் பரவியது. அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற வீதிகளும் தோட்டங்களும் கொண்ட குடியிருப்புகளை அது வகுத்தது. அங்கே குடியேறிய தென்னிந்தியர் கோயிலோடும் உணவு விடுதியோடும் நின்றுவிடவில்லை. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்துப் பள்ளி நடத்தினர். 1960-இல் அடுத்துள்ள சயானில் கல்லூரியும் எழுந்தது. பிள்ளைகள் நடந்து சென்று படிக்க வேண்டும் என்று அம்முன்னோர் எண்ணியதே மாட்டுங்காவின் உண்மையான பெருமை. பூக்கடையும் காப்பிக் கடையும் அதற்கு அடுத்தவையே. ஆனால் இன்று அங்குள்ள வாடகை மாதச் சம்பளக்காரர் பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

குர்லாவில் இறங்கித் துறைமுகப் பாதைக்கு மாறினால் செம்பூரை அடையலாம். செட்டா நகரில் முருகன் கோயில் உண்டு. இசைக் கச்சேரிகளுக்குப் பெயர்பெற்ற நுண்கலைச் சபையும் உண்டு. மாட்டுங்காவில் இடம் கிட்டாத நம்மவருக்கு மனத்துக்கிசைந்த ஊர் இது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்திலுள்ள மாகுலில் 1950-களிலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்துவிட்டன. உரத் தொழிற்சாலையும் அருகிலேயே இருக்கிறது. மூச்சிரைப்பு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், வீடு எந்த வீதியில், காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதை விசாரித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

மீண்டும் பிரதான பாதைக்கு வந்து வடக்கே சென்றால் முலுண்ட். மும்பை மாநகராட்சி எல்லைக்குள் இப்பாதையில் உள்ள கடைசி நிலையம் இதுவே, அடுத்தது தாணே. 1922-இல் திட்டமிடப்பட்ட ஊராதலால் வீதிகள் நேராகவும் குறுக்காகவும் ஒழுங்காக அமைந்துள்ளன. மேற்கே மலைக்காடு தெரிகிறது. நகரத்தின் விளிம்பில் இருந்தாலும் நகராட்சியின் மருத்துவமனை, பேருந்து முதலிய வசதிகளை இழக்க வேண்டியதில்லை.

முனையத்திலிருந்து சுமார் 48 கிலோமீட்டரில் டோம்பிவிலி. வாடகை குறைவு; அறைகள் கூடுதல்; படிப்பில் அக்கறை கொண்ட மராத்தியக் குடும்பங்கள் அண்டை வீட்டார். இதன் விலை வேறொரு விதத்தில் வசூலாகிறது. விரைவு வண்டியிலும் முனையம் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இரு முனையிலும் நடைக்குக் கால் மணி வீதம் கூட்டினால், போக வர மூன்று மணி. மாதத்தில் 25 நாள் வேலைக்குச் செல்பவர் 75 மணி நேரத்தை வழியிலேயே விட்டுவிடுகிறார். மூன்று முழு நாளுக்கும் அது மேல். நெரிசலில் நின்று களைத்துத் திரும்பும் தந்தை கதவைத் தட்டும்போது குழந்தை உறங்கிவிட்டிருக்கும்.

இங்கேதான் நம் மொழியின் கதியும் அடங்கியிருக்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. அங்கே சேர்க்க விரும்புவோர், அப்பள்ளியில் தமிழ்வழி எந்த வகுப்புவரை உண்டு என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலவழியையே நாடுகிறோம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் மராத்தியும் கட்டாயம். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. வாழும் ஊரின் மொழியைக் கற்பது குழந்தைக்குப் பலமே. மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றாதலால் உழைப்பும் ஓரளவு குறைகிறது. ஆனால் தமிழுக்கு எஞ்சுவது வீட்டில் கிடைக்கும் மாலைப் பொழுது மட்டுமே. அந்தப் பொழுதை ரயில் விழுங்கிவிட்டால், தெரு முழுதும் தமிழர் இருந்தும் குழந்தைக்குத் தமிழ் எழுத வராது.

பாடத்திட்டத்தையும் எண்ண வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வேறு மாநிலம் செல்லக்கூடியவர் மத்தியப் பாடத்திட்டத்தை நாடுவது பொருத்தம். மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்காகவே 1963-இல் கேந்திரிய வித்யாலயாத் திட்டம் தொடங்கியது. முலுண்டிலிருந்து இரண்டாவது நிலையமான பாண்டுப்பிலும், செம்பூரிலிருந்து இரண்டாவது நிலையமான மான்கூர்டிலும் இப்பள்ளிகள் உள்ளன. இவ்வூரிலேயே நிலைத்திருப்பவருக்கு மாநிலப் பாடத்திட்டமே போதுமானது. கட்டணமும் பெரும்பாலும் குறைவு. வருமானம் குறைந்தவர் மற்றொன்றையும் அறிய வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோருக்கு ஒதுக்குகிறது. சிறுபான்மையோர் பள்ளிகள் இதில் அடங்கா. இவ்விடங்களுக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் கணக்கிடப்படுகிறது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் எழுதும் முகவரியே குழந்தையின் எதிர்காலத்தில் பங்கு பெறுகிறது.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை செல்வது நம் வழக்கம். அன்று எல்லா ஊரும் அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளில் காலை ஏழு மணிக்குச் செல்லுங்கள். பள்ளி வாசலிலிருந்து வீடுவரை நடந்து பாருங்கள்; வழியில் எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். பிறகு நிலையத்துக்குச் சென்று எட்டரை மணி வண்டியில் ஏறிப் பாருங்கள்.

நான்கு ஊர்களுள் ஒன்றைச் சுட்டச் சொன்னால், நடுத்தர வருவாயுள்ள, சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு முலுண்டையே சொல்வோம். தந்தை தாய் இருவரின் அலுவலகமும் தாணேக்கு வடக்கே இருந்தால் டோம்பிவிலியும் குறைவற்றதே. எந்த ஊரானாலும் விதி ஒன்றுதான்: நடப்பது குழந்தையாகவும், ரயிலேறுவது பெரியவராகவும் இருக்கட்டும், அப்பெரியவரும் விளக்கணையும் முன் வீடு திரும்பட்டும். காப்பிப் பொடியை வாரம் ஒருமுறை மாட்டுங்கா சென்று வாங்கி வரலாம். குழந்தையின் மாலைப் பொழுதை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.