காற்றுக் குழாயும் கைவேலைக் கூலியும்

“அமெரிக்கா போய் வந்தீர்களே, என்ன பார்த்தீர்கள்?” என்று துறை நண்பர்கள் ஆவலோடு கேட்டார்கள். நயாகரா அருவி என்றோ, சுதந்திர தேவி சிலை என்றோ நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கக் கூடும். “தகரக் குழாய் பார்த்தேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது அந்தத் தகரக் குழாயைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். சிரிப்பில் தொடங்கினாலும் சிரிப்பில் முடிக்க என்னால் ஆகாது என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில், துறையின் அனுமதி பெற்று, விடுமுறையோடு ஈட்டிய விடுப்பையும் சேர்த்துக்கொண்டு, நானும் என் மனைவியும் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகருக்குப் போனோம். மகளும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார்கள். பேரன் பிறந்து ஐந்து மாதம். வெளியே பனி, வெப்பமானி சுழிக்குக் கீழே ஏழு டிகிரி காட்டிற்று.

அந்த ஊர் வீடுகளில் குளிரை விரட்டும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். நிலவறையில் ஓர் இரும்பு அடுப்பு இருக்கிறது. ‘ஃபர்னஸ்’ என்கிறார்கள். அதில் இயற்கை எரிவாயு எரிகிறது. எரிந்த புகை தனிக் குழாய் வழியே வெளியே போய்விடும். வீட்டுக் காற்று சூடேறிய உலோகச் சுவரைத் தழுவிச் சூடாகி, ஒரு மின்விசிறியால் உந்தப்பட்டுத் தகரக் குழாய்களின் வழியே அறை அறையாகப் போகும். ஆறிய காற்று வேறு குழாய்களின் வழியே அடுப்புக்குத் திரும்பி வரும். கோடையில் இதே குழாய்களில் குளிர்ந்த காற்று ஓடும். இந்தக் குழாய்களைத்தான் ‘டக்ட்’ என்கிறார்கள். நம் உடம்பில் இரத்தக் குழாய் எப்படியோ, அந்த வீட்டுக்கு இது அப்படி.

மகளின் வீட்டில் ஓர் அறை மட்டும் சூடாகவில்லை. பின்னாளில் ஒட்டிக் கட்டிய அறை அது. அதன் அடியில் நிலவறை இல்லை. ஓர் ஆள் தவழ்ந்து போகக்கூடிய இடைவெளி மட்டுமே உண்டு. கூடத்தில் 21 டிகிரி இருக்கும்போது அங்கே 14 டிகிரிதான். அந்த அறையைத்தான் குழந்தைக்கு என்று ஆசையாக அலங்கரித்து வைத்திருந்தார்கள். குழந்தையோ தாய் தந்தையரின் அறையில் ஒரு மூலையில் தூங்கினான். எரிவாயுக் கட்டணம் மட்டும் மாதந்தோறும் ஏறிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை ஒரு நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தார். பளபளப்பான சட்டையோடு ஓர் இளைஞர் வந்தார். கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தார், எதையும் அளக்கவில்லை. “குழாய்கள் எல்லாம் பழசு; முழுவதும் மாற்ற வேண்டும்; 9,400 டாலர்” என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஏழு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்! வாசற்கதவில் மற்றொரு விளம்பரத் தாள் செருகியிருந்தது. குழாய்களுக்குள் இருக்கும் தூசியை உறிஞ்சி எடுத்தால் எல்லாம் சரியாகும் என்றது அது. மாப்பிள்ளை படித்துப் பார்த்துவிட்டு, “மாமா, தூசி எடுப்பதால் உடல்நலம் காக்கப்படும் என்று நிரூபிக்கப்படவில்லை, வழக்கமாகச் செய்ய வேண்டியதும் இல்லை என்று இந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்லியிருக்கிறது” என்றார். இயற்பியல் படித்தவன் என்ற முறையில் நானும் என் பங்குக்கு, “மாப்பிள்ளை, அளந்து பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்” என்றேன்.

அளந்து பார்க்கும் மனிதர் மூன்றாம் நாள் வந்தார். அறுபது வயது இருக்கும். முழங்காலில் தோல் பட்டை கட்டியிருந்தார். எல்லா அறைகளிலும் காற்று வரும் வாய்களைத் தாள் ஒட்டி மூடினார். ஒரு சிறு விசிறியைக் குழாயோடு இணைத்து, உள்ளே அழுத்தத்தை 25 பாஸ்கலுக்கு உயர்த்தினார். மாணவர்களே, நம் ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாயில் நீர் இரண்டரை மில்லிமீட்டர் ஏறும் அழுத்தம்தான் அது. எல்லா வாய்களும் மூடியிருக்க, அந்த அழுத்தத்தை நிலைநிறுத்த விசிறி எவ்வளவு காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறதோ, அவ்வளவு காற்று எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். எத்தனை எளிய தத்துவம்! கணக்குப் பார்த்தார். ஓடும் காற்றில் நூற்றுக்கு 32 பங்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்நாட்டுச் சாதாரண வீடுகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இப்படி வீணாகிறது என்று ‘எனர்ஜி ஸ்டார்’ என்னும் அரசுத் திட்டத்தின் கையேடு சொல்கிறது. எங்கள் வீடு அதையும் தாண்டிவிட்டது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சூடான காற்று வீட்டுக்கு வெளியே ஒழுகினால் இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை. வெளியேறிய காற்றுக்கு ஈடாக, சன்னல் இடுக்குகளிலும் கதவு இடுக்குகளிலும் வெளிக்குளிர் உள்ளே நுழைகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பவள் நீரையும் இழந்து சேலையையும் நனைத்துக்கொள்வது போலத்தான்.

பெரியவர் அறையின் அடியில் தவழ்ந்து போனார். நான் வாயிலில் மண்டியிட்டு விளக்குப் பிடித்தேன். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் மூட்டு கழன்று நாலு விரல் இடைவெளி திறந்து கிடந்தது. குழந்தையின் அறைக்குப் போக வேண்டிய வெப்பமெல்லாம் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மூட்டில் எப்போதோ யாரோ சாம்பல் நிறத் துணி நாடாவைச் சுற்றியிருந்தார்கள். பசை காய்ந்து, பாம்புச் சட்டை போல உரிந்து தொங்கிற்று. அதன் பெயரே ‘டக்ட் டேப்’. ஆனால், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1998-இல் பலவகை ஒட்டுப் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தபோது, டக்டை அடைக்க உதவாமல் தோற்றுப்போனது இந்தத் துணி நாடாதான். பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெரியவர் மூட்டைச் சேர்த்தார். தகரத்தின் இரு விளிம்புகளையும் கொக்கி போல எதிரெதிராக மடித்து, மடித்த தகரப் பட்டையொன்றை இடையே செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கினார். அதைப் பார்த்ததும் என் கையிலிருந்த விளக்கு ஆடிவிட்டது. “கொஞ்சம் அசையாமல் பிடியுங்கள்” என்றார் அவர். அந்த மடிப்பு எனக்குத் தெரியும். அந்தத் தட்டல் ஓசையும் தெரியும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிறகு மூட்டுகளின் மேல் ‘மாஸ்டிக்’ என்னும் கெட்டிப் பசையைத் தூரிகையால் தடவினார். பெரிய இடுக்குகளில் கண்ணாடி இழை வலையை வைத்து அதன்மேல் பூசினார். அடுப்பைச் சுற்றியுள்ள மூட்டுகளையும் அடைத்தார். காற்று திரும்பி வரும் குழாயில் அடுப்புக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால், அது சில வேளைகளில் புகைபோக்கியின் நச்சுக் காற்றையே வீட்டுக்குள் இழுத்துவிடக் கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே வேலை முடிந்ததும் அதையும் கருவி வைத்துச் சோதித்த பிறகே பெட்டியை மூடினார். மறுபடி அளந்தபோது ஒழுக்கு நூற்றுக்கு 9 ஆகக் குறைந்திருந்தது.

ரசீது இப்படி இருந்தது: வருகைக் கட்டணம் 120 டாலர், சோதனை 350, வேலை ஆறு மணி நேரம், மணிக்கு 115 வீதம் 690, பொருள்கள் 140. மொத்தம் 1,300 டாலர். ரூபாய்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு லட்சத்து எட்டாயிரம்.

“பொருள் 140 டாலர்தானா? மிச்சம் முழுவதும் கூலியா?” என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

“ஆமாம் அப்பா. இங்கே கைவேலைக்குத்தான் காசு” என்றாள் மகள்.

பெரியவரிடம், இந்த வேலையை எங்கே கற்றீர்கள் என்று விசாரித்தேன். ஐந்தாண்டுகள் தொழிற்பயிற்சி என்றார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. நம் பட்டப்படிப்பு மூன்றாண்டு என்பதை எண்ணிக்கொண்டேன். அவர் போகும்போது என் மகள் வாசல் வரை சென்று கைகுலுக்கி வழியனுப்பினாள்.

அன்றிரவு பேரன் தன் அறையில் தூங்கினான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அன்பு மாணவர்களே, என் தந்தையார் தகர வேலை செய்தவர். நம்மூர்க் கடைவீதியில், ஒரு புளியமரத்தடியில் அவருடைய கடை. கடை என்றால் நான்கு கால் நட்ட கீற்றுப் பந்தல். எண்ணெய்ப் புனல், சிம்னி விளக்கு, அரிசி டின், ஓட்டு வீட்டு இறவாரத்தில் மழைநீர் வடிவதற்கான தகர வாய்க்கால் எல்லாம் செய்வார். ஓட்டை வாளிக்குப் பற்று வைப்பார். கரியடுப்பில் இரும்பைக் காய்ச்சி, நவச்சாரத்தில் தேய்த்து, ஈயத்தை உருக்கி அவர் இழுக்கும் கோடு எழுத்தாணி இழுத்தது போல நேராக இருக்கும். வாய்க்காலின் இரு துண்டுகளை இணைக்க, விளிம்பைக் கொக்கியாக மடித்துப் பட்டை செருகித் தட்டுவார். கொலம்பஸ் நகரத்தில் தரைக்கு அடியில் நான் கண்டது அதே மடிப்பு. கேட்டது அதே ஓசை.

ஒருநாள் ஓர் அம்மாள் வாளியைக் கொண்டுவந்தார். ஒரு ரூபாய் என்றார் தந்தையார். “இத்தனூண்டு தகரத்துக்கு ஒரு ரூபாயா?” என்றார் அந்த அம்மாள். “தகரம் பத்துக் காசுதான் தாயி. அடைக்கிறதுக்குத் தொண்ணூறு காசு” என்றார் தந்தையார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு எட்டணாவை வைத்துவிட்டுப் போனார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பின்னால் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த நானும் பேசவில்லை. எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வரவில்லை. தந்தையாரைப் பார்த்துத்தான் வெட்கமாக இருந்தது. அமில நெடி வீசும் அவர் விரல்களைப் பார்த்து வெட்கமாக இருந்தது.

1985-இல் இதே கல்லூரியில் இளம் அறிவியல் வகுப்பில் சேர விண்ணப்பித்தேன். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். நேர்முகத்துக்குத் தந்தையாரும் வந்திருந்தார். வெளுத்த வேட்டி, கையில் துண்டு. சேர்க்கை மேசையிலிருந்த பேராசிரியர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “என்ன வியாபாரம்?” என்று அவரைக் கேட்டார். தந்தையார் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “தகர வியாபாரம், ஐயா” என்றார்.

பொய் பேசி அறியாதவர் அவர். என்னைக் காப்பதற்காக அன்று அந்த ஒரு சொல்லைச் சொன்னார். வீடு திரும்பும் வழியிலும், அதன்பின் வாழ்ந்த பதினான்கு ஆண்டுகளிலும் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் எல்லாம் சரி, இங்கே எல்லாம் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. அளக்காமலே 9,400 டாலர் கேட்டவரும் அந்நாட்டவர்தானே? அந்த விலையில் எட்டு லட்சமும், எட்டணாவும், எனக்கு இரு துருவங்களாகத் தெரியவில்லை. இரண்டிலும் வேலைக்குரிய மதிப்பு இல்லை. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் அறிவுக்கும், அதை அடைக்கும் கைக்கும் உரியதைக் கொடுப்பதே நேர்மையான விலை. தொண்ணூறு காசு என்று தந்தையார் போட்ட கணக்கும், ரசீதில் அந்தப் பெரியவர் போட்ட கணக்கும் ஏறத்தாழ ஒன்றே: பத்தில் ஒன்று பொருள், மற்றது கை.

இன்று விண்ணப்பங்கள் கணினி வழியாக வருகின்றன. ஆனாலும் கலந்தாய்வு மேசையில் உட்காரும்போது, பெற்றோரின் தொழிலைக் கேட்டதும் சில மாணவர்கள் தலை குனிவதைப் பார்க்கிறேன். பின்னால் நிற்கும் தந்தையின் முகத்தையும் பார்க்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு 1985-தான் நினைவுக்கு வருகிறது.

என் பழைய விண்ணப்பம் நம் அலுவலகத்தின் பழைய கட்டு ஒன்றில் மக்கிக் கிடக்கலாம். அதை இனித் திருத்த முடியாது. ஆகவே, இதே கல்லூரியின் மலரில் திருத்தி எழுதுகிறேன்.

தந்தையின் தொழில்: தகர வேலை.